பைக்காராவுக்குப் போன அம்மிக் குழவி

முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே இதைப் படிக்கும் என் வயதுக்காரிகளே, வயதுக்காரர்களே, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது கோபத்தில் எழுதுவது. எனக்குக் கோபம் வந்தால் மூக்கு சிவக்கும், கண்ணாடி நழுவும், பேச்சு திக்கும். பார்க்கிறவர்களுக்குச் சிரிப்புதான் வரும். சிறுமியாக இருந்தபோதும் அப்படித்தான். அதனால் என் கோபத்தை இன்றுவரை ஒருவரும் மதித்ததில்லை. எழுத்தில் மூக்கு தெரியாது என்பதால் எழுதுகிறேன்.

போன வாரம் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் என் தம்பி ஒரு படம் போட்டான். வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் அவனுக்கு சைக்கிள் பைத்தியம் பிடித்திருக்கிறது. கோயம்புத்தூரில் அவனைப் போலவே வழுக்கையும் தொந்தியுமாக ஒரு கூட்டம், உடம்பைக் கவ்விப் பிடிக்கும் கால்சட்டை போட்டுக்கொண்டு விடிகாலையில் கிளம்பிவிடுகிறது. படத்துக்குக் கீழே ஓர் உபதேசம்: நீண்ட சைக்கிள் பயணத்துக்கு என்னென்ன எடுத்துப் போக வேண்டும். மாற்று டியூப், கையடக்கப் பம்பு, பிரேக் கட்டை, மழைக்கோட்டு, பேரீச்சம்பழம். கடைசியில், ‘பளுவைக் குறைத்தால் பாதி தூரம் குறைந்த மாதிரி’ என்று ஒரு தத்துவம் வேறு. கொழுந்தியாள், மருமகள் என்று எல்லோரும் அதற்குக் கும்பிடு போட்டிருந்தார்கள்.

அடுப்பில் பாலை வைத்துவிட்டு இதைப் படித்தேன். பால் பொங்கி வழிந்தது. நானும்தான்.

இவனா? எனக்கா?

அப்போது நாங்கள் நீலகிரியில், குன்னூருக்குப் பக்கத்தில், அருவங்காட்டில் ஃபேக்டரி குவார்ட்டர்ஸில் இருந்தோம். சங்கு ஊதினால் எழுந்து, சங்கு ஊதினால் சாப்பிட்டு, சங்கு ஊதினால் அப்பா வருகிறார் என்று புத்தகத்தைத் திறக்கும் வாழ்க்கை. எட்டாம் வகுப்புப் பரீட்சை முடிந்திருந்தது. மலையில் சீசன். கீழே இருப்பவர்களெல்லாம் மேலே ஏறி வந்து, ‘குளுருது குளுருது’ என்று சந்தோஷமாகக் கத்தும் மாதங்கள்.

அந்த சீசனுக்குச் சற்று முன்னால் அப்பா ஒரு சைக்கிள் வாங்கியிருந்தார். மாற்றலாகிப் போன ஒருவரிடமிருந்து வாங்கியது. கறுப்பு, நடுவில் பார், கம்பி பிரேக், மணி அடித்தால் இருமல் மாதிரி ஒரு சத்தம். யாருக்கு என்று அவர் சொல்லவில்லை. சொல்லத் தேவையில்லை என்று நினைத்திருப்பார். வீட்டில் ஆண்பிள்ளை ஒன்று இருந்ததல்லவா! அந்த ஆண்பிள்ளைக்கோ பெடல் எட்டவில்லை. எட்டியிருந்தாலும் ஏறியிருக்க மாட்டான். ஸ்டாண்டு போட்டு நிறுத்திய சைக்கிளில் உட்கார வைத்தாலே கண்ணை மூடிக்கொள்வான்.

நான் எடுத்து ஓட்டினேன். முதலில் பாருக்கு அடியில் கால் விட்டுக் குரங்குப் பெடல். பிறகு பாருக்கு மேலே. கடைசியில் சீட்டிலேயே. நான் விழாத சாக்கடை அருவங்காட்டில் ஒன்றுதான் இருந்தது. அதற்கு மூடி போட்டிருந்தார்கள்.

பள்ளிக்கூடம் குன்னூரில். பஸ்ஸோ எப்போதும் பிதுங்கி வழியும். புட்போர்டில் ஒரு காலும் அடுத்தவர் குடையில் ஒரு கண்ணுமாகப் போய் வருவேன். ஜூனில் பள்ளி திறக்கும்போது சைக்கிளில் போக வேண்டும். அந்தச் சீசன் முழுக்க எனக்கு வேறு ஆசை எதுவும் இல்லை.

அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார். “பொட்டப்புள்ள ரோட்ல சைக்கிள் ஓட்டுனா ஊரு சிரிக்கும்.”

“பஸ்ஸுலருந்து விழுந்தப்பவும் சிரிச்சாங்களேப்பா.”

தம்பி களுக்கென்று சிரித்துவிட்டான். அவன் சிரித்ததுதான் வினை. அப்பாவுக்கு ரோஷம் வந்துவிட்டது.

“அத்தன பெரிய ஓட்டக்காரியா நீயி? செரி. பைக்காராவுக்குப் போ. சித்தி ஊட்ல தங்கு. திரும்பி வா. போறப்பவும் சைக்கிளு, வாரப்பவும் சைக்கிளு. நடுவுல பஸ்ஸு, லாரி ஒண்ணுலயும் ஏறக்கூடாது. அப்படி வந்துட்டீன்னா சைக்கிள் உன்னுது. ஸ்கூலுக்கு ஓட்டிட்டுப் போ. எவன் சிரிச்சாலும் நான் பாத்துக்கறேன். இல்லீன்னா அது தம்பிக்கு. அப்பறம் சைக்கிள் பேச்சையே எடுக்கக்கூடாது.”

“சத்தியமாவா?”

“சத்தியமா” என்று என் தலையில் கை வைத்தார். சோற்றுக் கை. ரசம் என் காது வழியாக வழிந்தது. அவ்வளவு ஈரமான சத்தியத்தை நான் அதற்குப் பிறகு பார்த்ததில்லை.

பைக்காரா ஊட்டியைத் தாண்டி, கூடலூர் ரோட்டில் இருக்கிறது. சித்தப்பாவுக்கு அங்கே மின்சார நிலையத்தில் வேலை. அருவங்காட்டிலிருந்து ஊட்டி வரைக்கும் ஏற்றம். அதற்கப்புறம் காடும் மேடும் மஞ்சும். கடைசியில் பைக்காராவை நோக்கி நீளமாக ஓர் இறக்கம். அப்பா இதையெல்லாம் கணக்குப் போட்டுத்தான் சொன்னார். கை கழுவும்போது அம்மாவிடம் அவர் கிசுகிசுத்தது எனக்குக் கேட்டது. “கேத்தி ஏத்தத்துலயே திரும்பிருவா, பாரு.” எதற்கும் இருக்கட்டும் என்று, கூடலூர் வண்டியில் கண்டக்டராக இருந்த தன் சிநேகிதரிடம் வழியில் ஒரு கண் வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்.

என்ன எடுத்துப் போக வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. விழுந்து விழுந்து தெரிந்துகொண்டது. வெலிங்டனில் பழைய சாமான் கடையில் வாங்கிய காக்கித் தோள்பை ஒன்று வீட்டில் கிடந்தது. அதில் வைத்தேன்: பஞ்சர் ஒட்டும் டப்பா, ஸ்பேனர், கைப்பம்பு. அட்டைப்பூச்சி ஏறினால் வைக்க ஒரு பொட்டலம் உப்பு. மழைக்கு உரச் சாக்கின் உள்ளே வரும் பிளாஸ்டிக் உறை. இறக்கத்தில் நெஞ்சில் குளிர் ஏறாமலிருக்க, ஸ்வெட்டருக்குள் சொருகிக்கொள்ளப் பழைய செய்தித்தாள். வேகவைத்த உருளைக்கிழங்கு, தோலோடு. சட்டைப் பையில் வைத்தால் கை சூடாகும், பசித்தால் தின்னலாம். எல்லாவற்றுக்கும் மேலாக பிரேக் கட்டை இரண்டு ஜோடி. ஈர ரோட்டில் இறங்கினால் பிரேக் கட்டை சோப்புத் துண்டு மாதிரிக் கரைந்துவிடும் என்பதை என் வலது முழங்கால் அறியும். பாவாடை சங்கிலியில் மாட்டும் என்பதால் அப்பாவின் கிழிந்த காக்கிப் பேன்ட்டை மடித்து, இடுப்பில் நாடா கட்டி வைத்திருந்தேன். கண்ணாடியில் பார்த்தால் சோளக்கொல்லை பொம்மை. எனக்கு ஜான்சி ராணி மாதிரி இருந்தது.

காலையில் முகம் கழுவிவிட்டு வருவதற்குள் பையைச் சுற்றி ஒரு மாநாடே கூடியிருந்தது.

“அவ சும்மாதான போறா. உன்ற தங்கச்சிக்கு ஒண்ணும் குடுத்து உடலியா?” இது எதிர்வீட்டு அத்தை.

அம்மா எள்ளுருண்டை டப்பாவை வைத்தாள். ஊறுகாய் ஜாடியை வைத்தாள். சித்தி மாசமாக இருந்தாள். பிறக்கப் போகும் குழந்தைக்கென்று துவைத்து மடித்த பழைய வேட்டி ஒன்று. அத்தை தன் பங்குக்கு ஊட்டியில் ரோட்டு மேலேயே இருக்கும் தன் நாத்தனாருக்குப் பலாக்கொட்டை கொடுத்தாள். அதற்குப் பிறகு அம்மா சமையலறைக்குள் போய், இரண்டு கையாலும் எதையோ தூக்கிக்கொண்டு வந்தாள்.

அம்மிக் குழவி.

“அம்மா! என்னம்மா இது?”

“குழவிதாண்டி. சித்தி ஊட்டுக் குழவி ரெண்டாப் பொளந்துருச்சாம். நம்ம ஊட்ல இது ஒண்ணு சும்மாதான கெடக்குது.”

“சைக்கிள்ல குழவியா!”

“குழவி மட்டுந்தான. அம்மியா கேட்டேன்?”

தாய்மார்களே, இந்தக் கேள்விக்கு எனக்கு இன்றுவரை பதில் தெரியவில்லை. வெறுங்கையோடு ஒருவர் வீட்டுக்குப் போகக் கூடாது என்பது நம்முடைய வேதம். அந்த வேதத்தில் குழவியின் எடையைப் பற்றி ஒரு வரியும் இல்லை. கேரியரில் வைத்துக் கயிற்றால் இறுக்கினார்கள். பை என் முதுகில் ஏறியது. கனத்தது. ஊறுகாய் கனம் என்று நினைத்துக்கொண்டேன்.

தம்பி வாசலில் நின்று கையசைத்தான். அப்பா கையசைக்கவில்லை. மத்தியானம் பார்க்கலாம் என்பது போல் நின்றுகொண்டிருந்தார்.

கேத்தி ஏற்றத்தில் நான் திரும்பவில்லை. மூச்சு மட்டும் ஒருமுறை திரும்பிப் போய்விடப் பார்த்தது. தள்ளினேன், ஏறினேன், மறுபடியும் தள்ளினேன். பின்னால் குழவி, முன்னால் மஞ்சு. கேரட் தோட்டத்துக்குப் போகும் பெண்கள் ரோட்டோரத்தில் நின்று பார்த்தார்கள்.

“ஏ பாப்பா, எங்க போறே?”

“பைக்காராவுக்குங்க.”

“தனியாவா? உங்க ஊட்ல ஆம்பளைங்க இல்லியா?”

“இருக்காங்களே. ஊட்லயே இருக்காங்க.”

அவர்கள் சிரித்த சிரிப்பில் எனக்கு அடுத்த வளைவு வரைக்கும் தெம்பு வந்தது.

ஊட்டியில் பலாக்கொட்டையை ஒப்படைத்தேன். அந்த நாத்தனார் காபி கொடுத்துவிட்டு, கூடலூர்ப் பக்கம் யாருக்கோ ஒரு குடையைக் கொடுக்கப் பார்த்தாள். ஓடி வந்துவிட்டேன். தலைக்குந்தா தாண்டி, பைன் மரங்களுக்கு நடுவே ரோடு கறுப்பாக நனைந்து கிடந்தது. தைல மர வாசனை. அவ்வப்போது கூடலூர் வண்டி கடக்கும். கண்டக்டர் மாமா பாதி உடம்பை வெளியே நீட்டி, “பாப்பா, இருக்கறயா?” என்பார். “இருக்கேனுங்க!” என்பேன். பஸ்ஸில் இருப்பவர்கள் எல்லோரும் ஜன்னல் வழியாகக் குழவியைப் பார்த்துக்கொண்டே போவார்கள். ஊர் சிரித்தது உண்மைதான். ஆனால் அது குழவியைப் பார்த்துச் சிரித்தது.

அந்தக் கடைசி இறக்கத்தில் மழை பிடித்தது. பிளாஸ்டிக் உறைக்குள் புகுந்துகொண்டேன். செய்தித்தாளை நெஞ்சுக்குள் திணித்தேன். இறங்கினேன். முதலில் ஆனந்தம். பிறகு ஒரு சத்தம். ஸ்லேட்டில் ஆணி கீறுவது போல. பிரேக் கட்டை தீர்ந்துபோய் இரும்பு ரிம்மைச் சுரண்டிக்கொண்டிருந்தது. காலைத் தரையில் தேய்த்து, ரோட்டோர மண்ணில் ஏற்றி, ஒரு வழியாக நிறுத்தினேன். செருப்பு ஒன்று பள்ளத்துக்குள் போய்விட்டது. இருக்கட்டும், மாற்றுக் கட்டை இருக்கிறதே என்று பையின் அடி வரைக்கும் துழாவினேன்.

எள்ளுருண்டை. ஊறுகாய். வேட்டி. உருளைக்கிழங்கு. அம்மா எனக்குத் தெரியாமல் வைத்த பாவாடை சட்டை, பவுடர் டப்பா, சீப்பு, ரிப்பன்.

பிரேக் கட்டை இல்லை. ஸ்பேனர் இல்லை. பம்பு இல்லை.

நான் முகம் கழுவப் போன நேரத்தில், இதற்கெல்லாம் இடம் பண்ண அவற்றை எடுத்து வெளியே வைத்துவிட்டார்கள். பிற்பாடு கேட்டபோது அப்பா வெகு சாதாரணமாகச் சொன்னார். “அதெல்லாம் உனக்கெதுக்கு? ரோட்ல யாராச்சும் ஆம்பளைங்க வருவாங்க, கேட்டா செஞ்சு தருவாங்க.” அம்மாவோ, “அதெல்லாம் எண்ணெய்ப் பிசுக்கு. ரிப்பன்ல ஒட்டிக்கும்ல” என்றாள்.

அந்த மழையில், அந்தக் காட்டில், அவர்கள் நம்பிய அந்த ஆம்பளைங்க ஒருவரும் வரவில்லை. ஒரு எருமை வந்தது. பார்த்துவிட்டு அதுவும் போய்விட்டது.

தள்ளிக்கொண்டு நடந்து பார்த்தேன். குழவியின் கனத்தில் சைக்கிள் என்னை இழுத்துக்கொண்டு ஓடியது. குழவியைப் பள்ளத்தில் உருட்டிவிடலாமா என்று யோசித்தேன். அம்மா ஞாபகம் வந்தது. பள்ளத்தை விட அது ஆழம். அப்போதுதான் ரோட்டோரத்தில் முறிந்து கிடந்த சீகை மரக் கொப்பை, இலை தழையோடு ஒரு பெரிய கிளையை, பார்த்தேன். எங்கள் பக்கத்தில் சைக்கிளில் விறகு இறக்குகிறவர்கள் சரிவில் பின்னால் ஒரு கொப்பைக் கட்டி இழுத்துக்கொண்டுதான் வருவார்கள். அது தரையில் உரசி வண்டியைப் பிடித்து வைக்கும். வேட்டியை முறுக்கிக் கயிறாக்கினேன். கொப்பைக் கேரியரோடு கட்டினேன். கொப்பு லேசாகத் துள்ளியது. சும்மா உட்கார்ந்து வந்த குழவியை அவிழ்த்து அந்தக் கொப்பின் மேல் வைத்து, கேரியர்க் கயிற்றால் இறுக்கிக் கட்டினேன்.

அம்மாவின் குழவி அன்றைக்குத்தான் உருப்படியாக ஒரு வேலை செய்தது. பின்னால் பெரிய யானை ஒன்று துடைப்பத்தோடு பெருக்கிக்கொண்டு வருவது போல் ஓர் இரைச்சல். வளைவுக்கு வளைவு, மெதுவாக, பயந்து செத்து, வாய்விட்டுப் பாடிக்கொண்டு இறங்கினேன். கீழே ஏரி தெரிந்தபோது பாட்டு அழுகையாகிவிட்டிருந்தது. மழை என்பதால் யாருக்கும் தெரியாது. இப்போது உங்களுக்குத் தெரிந்துவிட்டது.

சித்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள். என்னைப் பார்த்தாள். கொப்பைப் பார்த்தாள்.

“ஐயோ, குழவி மொகரை பேந்து போச்சே!” என்றாள்.

சித்தப்பா நல்ல மனிதர். அதுதான் பிரச்சினை. வெந்நீர் வைத்துக் கொடுத்தார். பக்கத்து வீட்டிலிருந்து பிரேக் கட்டையும் ஸ்பேனரும் வாங்கி வந்தார். நானே மாட்டினேன். சக்கரத்தைச் சுற்றிவிட்டுப் பிடித்துப் பார்த்தேன். டக்கென்று நின்றது. “பாதி முடிஞ்சுது சித்தப்பா. நாளைக்குத் திரும்பிப் போயிட்டா சைக்கிள் என்னுது” என்றேன். எல்லாவற்றையும் விளக்கமாகச் சொன்னேன், சத்தியம், ரசம் உட்பட. அவர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். கேட்டார் என்றுதான் நினைத்தேன்.

“புள்ளைய வெறுங்கையோட அனுப்பறதா?” என்று சித்தி கேட்டது தூக்கத்தில் என் காதில் விழுந்தது. அதன் பொருள் அப்போது விளங்கவில்லை.

விடிந்து வாசலுக்கு வந்தேன். சைக்கிளைக் காணோம். ரோட்டில் ஊட்டிக்குப் போகும் பஸ் உறுமிக்கொண்டு நின்றது. அதன் கூரை மேல் என் சைக்கிள். அதைச் சுற்றி ஒரு மூட்டை மலைப்பூண்டு, ஒரு மூட்டை உருளைக்கிழங்கு, எருமை நெய் டின், தேன். போதாததற்கு, நான் கொண்டுவந்த குழவிதான் மொகரை பேர்ந்துவிட்டதே, குன்னூர்ச் சந்தையில் புதிது வாங்க அளவு காட்டுவதற்கென்று சித்தி வீட்டுப் பழைய குழவியின் இரண்டு துண்டுகள்.

“ஏறு பாப்பா” என்றார் கண்டக்டர் மாமா, ரொம்பப் பெருமையாக. “டிக்கெட்டெல்லாம் மாமா பாத்துக்கறேன்.”

“எறக்குங்க! சைக்கிள எறக்குங்க! நான் ஓட்டிட்டுத்தான் போகோணும்!”

“இத்தன சாமானும் சைக்கிள்ல போகுமா அம்மிணி?” என்றார் சித்தப்பா. “உனக்குக் கஷ்டம் வேண்டாம்னுதான ஏத்திட்டேன்.”

“சாமான் பஸ்ஸுல போகட்டும். நான் சைக்கிள்ல போறேன்!”

“கூட ஆளில்லாம சாமான் மட்டும் எப்படிப் போகும்?”

பார்த்தீர்களா? சாமானுக்குத் துணை வேண்டும். எனக்கு வேண்டாம், நான் காட்டில் எருமையோடு வரலாம். ரோட்டில் உட்கார்ந்து கத்தினேன். மூக்கு சிவந்தது, பேச்சு திக்கியது. பஸ் மொத்தமும் சிரித்தது. “ஏறும்மா தாயே, ஊட்டில எனக்குக் கோர்ட்டு கேஸு இருக்குது” என்று யாரோ கத்தினார்கள். டிரைவர் வண்டியை நகர்த்தினார். என் சைக்கிள் என்னை விட்டுவிட்டுப் போக ஆரம்பித்தது. ஓடிப்போய் ஏறினேன். வேறென்ன செய்வது?

கண்டக்டர் மாமா முன்னாலேயே சொல்லி அனுப்பியிருக்க வேண்டும், அருவங்காடு ஸ்டாப்பில் அப்பா நின்றிருந்தார். ஊட்டியில் வண்டி மாற்றி ஏற்றிவிட்ட சாமான்களெல்லாம் ஒவ்வொன்றாக இறங்கின. அப்பா சைக்கிளைப் பார்த்தார். புதுப் பிரேக் கட்டையைத் தொட்டுப் பார்த்தார். கேரியரில் கொப்பு கிழித்த கீறலைப் பார்த்தார். என் ஒற்றைச் செருப்பையும் பார்த்தார். அவருக்கு எல்லாம் புரிந்தது. புரிந்தது என்பதுதான் எனக்கு இன்றைக்கும் பொறுக்கவில்லை.

“பஸ்ஸுலதான வந்தே?” என்றார்.

“நான் ஏறலப்பா, ஏத்திட்டாங்க…”

“பேச்சுன்னா பேச்சுத்தான்.”

தன் வாழ்நாளில் எத்தனையோ பேச்சை வளைத்தவர். தீபாவளிக்கு வாங்கித் தருகிறேன் என்றவை பொங்கலுக்கும் வராது. அந்த ஒரு பேச்சை மட்டும் வளைக்கவில்லை. அம்மா மூட்டையை அவிழ்த்து ஒரு பூண்டை எடுத்து முகர்ந்தாள். “நல்ல காரம். நல்ல பூண்டு” என்றாள்.

அவர்கள் எல்லோரும் அன்பானவர்கள் என்று சொல்ல வருகிறீர்கள். தெரியும். அன்புதான் குழவியாகப் போய்ப் பூண்டாகத் திரும்பி வந்தது. எல்லோருடைய அன்புக்கும் பையில் இடம் இருந்தது. என் பிரேக் கட்டைக்குத்தான் இடமில்லாமல் போய்விட்டது. அவர்களில் ஒருவரும் இப்போது இல்லை. சண்டை போடக்கூட ஆளில்லாமல் செய்துவிட்டுப் போய்விட்டார்கள்.

ஜூனில் நான் பழையபடி புட்போர்டில் ஏறினேன். சைக்கிள் தம்பிக்குப் போனது. அவன் அதை ஒரு நாளும் ஓட்டவில்லை. மழைக்காலத்தில் அதன் மேல் ஈரத் துணி உலர்த்தினோம். ஹேண்டில்பாரில் அம்மாவின் சேலை, சீட்டில் அப்பாவின் காக்கி, பெடலில் தம்பியின் காலுறை. துரு ஏறி, டயர் வெடித்து, ஒரு நாள் காணாமல் போனது. காக்கிப் பை எங்கே என்றும் தெரியவில்லை. மூக்குப் பெயர்ந்த குழவி மட்டும் சித்தி வீட்டில் வெகுகாலம் அரைத்துக்கொண்டிருந்தது.

இதையெல்லாம் தம்பியிடம் போனில் கத்தித் தீர்த்தேன். அவன் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னான். “அக்கா, அந்த சைக்கிள நான் தொடக்கூட இல்லியே.”

“அதாண்டா கோவம்!”

பிறகு, “வர்ற மாசம் நாங்க ஊட்டிலருந்து பைக்காராவுக்கு ஓட்டறோம். உனக்கொரு சைக்கிள் கொண்டு வாறேன். வாறியா?” என்றான்.

யோசித்தேன். எதிர்வீட்டுப் பெண்ணின் சைக்கிளை நான் இரண்டு மாதமாகக் காலை நடைக்குப் பதில் ஓட்டிக்கொண்டிருப்பது அவனுக்குத் தெரியாது. ஒரே ஒரு சாக்கடையில்தான் விழுந்தேன்.

“பைக்காரா வரைக்கும் நான் ஓட்டியாச்சு” என்றேன். “பஸ்ஸுல வந்து அங்க நிக்கறேன். திரும்பி வாரதுதான் பாக்கி. அருவங்காடு வரைக்கும்.”

“உனக்கு மூட்டு வலியாச்சே அக்கா.”

“என்ற மூட்டு, என்ற வலி. நீ பிரேக் கட்டை ரெண்டு ஜோடி கொண்டு வா.”

அடுத்த நாளே அவன் பெண்டாட்டி கூப்பிட்டாள். நல்ல பெண். குரலில் அவ்வளவு குழைவு.

“அண்ணி, பைக்காரா போறீங்களாமே. வாரப்ப வெறுங்கையோடதான வருவீங்க? அங்கத்த மலைப்பூண்டு நல்லாருக்கும்ங்கறாங்க. ஒரு ரெண்டு கிலோ மட்டும்…”

என் மூக்கு சிவப்பது எனக்கே தெரிந்தது. கண்ணாடி நழுவியது. ஆனால் இந்த முறை பேச்சு திக்கவில்லை.

“பூண்டு பஸ்ஸுல வரட்டும் கண்ணு” என்றேன். “நான் சைக்கிள்ல வாறேன்.”